கண்ணாடிக்குக் கயிறு உண்டா?

தன் கதை படமாகித் திரையில் ஓடும்போது, அரங்கில் அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் எழுதியவன்தான். மற்றவர்களுக்கு முன்னால் ஒரு படம் ஓடுகிறது, அவனுக்கு முன்னால் இரண்டு. ஒரு காட்சி வந்தால், அதை விட்டுவிட்டு வராமல் போன காட்சியைத் தேடுவான். நடிகர் ஒரு வசனம் பேசினால் அது தான் எழுதியதா, மாற்றிவிட்டார்களா என்று மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பான். அதற்குள் அடுத்த இரண்டு வசனம் போயிருக்கும். இடைவேளையில் யாராவது “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இன்னும் பார்க்கவில்லை” என்பதுதான் உண்மையான பதில். அப்படிச் சொல்ல முடியாது. தலையை ஆட்டிவைக்க வேண்டும்.

என் சிறுகதை ஒன்று படமானது. பெரிய படம் இல்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் படத்தைச் சுற்றியே போகும். கதை இவ்வளவுதான்: அச்சகத்தில் நெடுங்காலமாக ப்ரூஃப் பார்க்கும் ஒருவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கிறார். மனைவிக்கும் தெரியாது, அவளோடு பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. ஒருநாள் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் ஒரு பக்கத்தைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார். புத்தகம் வெளிவருகிறது. யாராவது பிழையைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. பிழை இல்லையா, இருந்தும் யாரும் கவனிக்கவில்லையா என்பது அவருக்குத் தெரியாது. பத்துப் பக்கக் கதை, முக்கால்வாசி அவர் தலைக்குள்ளேயே நடக்கிறது.

படப்பிடிப்புக்கு முன்னால் உடைகளைக் கவனிக்கும் பெண் போன் செய்தார். “சார், பெரியவரோட கண்ணாடி எப்படி இருக்கும்? கயிறு போட்டிருப்பாரா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கதை முழுக்கக் கண்ணைப் பற்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடி கறுப்புச் சட்டமா, தங்க நிறக் கம்பியா, காது மடலில் பஞ்சு சுற்றியிருக்குமா, கழுத்தில் கயிறு தொங்குமா? நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ‘கண்ணாடி’ என்று எழுதினால் போதும், வாசகர் தன் தாத்தாவின் கண்ணாடியையோ பழைய வாத்தியார் கண்ணாடியையோ கொண்டுவந்து அந்த முகத்தில் மாட்டிக்கொள்வார். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு முன்னால் ஏதோ ஒரு கண்ணாடி இருந்தே ஆக வேண்டும்.

“நீங்களே பார்த்துப் போட்டுடுங்கம்மா” என்றேன். அவர் விடவில்லை. “இல்ல சார், கயிறு இருந்தா அவர் கண்ணாடியை எங்கேயும் வைக்க மாட்டார். கயிறு இல்லேன்னா வைப்பார், தேடுவார். தேடுறவரா, தேடாதவரா?”

அந்தக் கேள்வியை ஒரு விமர்சகரும் என்னிடம் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, தேடாதவர் என்றேன். கண் போய்க்கொண்டிருப்பதை மறைக்கிறவர், எதையும் தேடுகிற மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். அப்போ கயிறு உண்டு. படத்தில் அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு தொங்குகிறது. என் கதையின் மீது நடந்த மிகக் கூர்மையான வாசிப்பு அந்தப் போன் பேச்சுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உரைநடையில் நாம் எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமலே தப்பித்துவிடுகிறோம் என்பது படம் எடுக்கிறவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால்தான் புரியும். சுவர் என்ன நிறம்? அவர் வேலை பார்க்கும் மேசைக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வருகிறதா, வலப்பக்கம் இருந்தா? மனைவி அவரைவிட உயரமா? வீட்டில் யாராவது சிரித்த மாதிரி ஒரு போட்டோவாவது மாட்டியிருக்குமா? ‘பல வருஷமாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை’ என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அதைப் படம் எடுப்பது எப்படி? பேசாமல் இருப்பதைக் காட்டலாம், பல வருஷமாகப் பேசாமல் இருப்பதை எப்படிக் காட்டுவது? இன்று காலை சண்டை போட்டவர்களும் பேசாமல்தான் இருப்பார்கள்.

இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர் வீட்டுக்குள் வருகிறார். மனைவி ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிச் சத்தத்தைக் குறைக்கிறாள். அவர் கடந்து உள்ளறைக்குப் போகிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மறுபடி கூட்டுகிறாள். அவ்வளவுதான். கை தானாகப் போகிறது, கண்கூட அசையவில்லை. பழகிப்போன ஒதுக்கம் அது, அதில் கோபம் மிச்சமில்லை. என் ஒரு வரிக்குள் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்கே அதுவரை தெரியாது.

பின்னணியில் குரல் கொடுத்து அவர் நினைப்பதையெல்லாம் சொல்லிவிடலாமே என்று தயாரிப்புத் தரப்பில் ஒருவர் சொன்னாராம். இயக்குநர் மறுத்துவிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குரல் என்னுடையதாக இருந்திருக்கும். படத்துக்குள் எழுத்தாளர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் சகிக்காது.

சரி, இதெல்லாம் நல்ல பக்கம். இழப்பும் இருக்கிறது.

பத்துப் பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாது என்றார்கள். உண்மைதான். அதனால் ஒரு பேத்தி வந்தாள். கதையில் அவள் இல்லை. படத்தில் அவள் பள்ளிக்கூடம் விட்டு அச்சகத்துக்கு வந்து, தாத்தாவுக்கு ரகசியமாகப் பக்கங்களைப் படித்துக்காட்டுகிறாள். பிழையைக் கண்டுபிடிப்பவளும் அவள்தான். கடைசியில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்து, முதலாளி மனம் இளகி, மனைவி பேசி, எல்லாம் நல்லபடியாக முடிகிறது. யாரும் கவனிக்கவே இல்லை என்ற என் முடிவு இருந்த இடத்தில், எல்லோரும் கவனித்துவிட்டார்கள் என்ற முடிவு உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு கதையைத் திருப்பிப் போட முடியாது.

பேத்தி வந்த காட்சிகளில் அரங்கம் சிரித்தது, கடைசியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அவள் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. பலவீனமான பாத்திரம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நான் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்ற எல்லோருக்கும் அவள் கதையில் இருக்கும் ஒரு சிறுமி, எனக்கு மட்டும்தான் வெளியிலிருந்து நுழைந்தவள். ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல மிகக் குறைந்த தகுதி உள்ளவர் அதன் மூலக்கதையை எழுதியவர் என்பது என் முடிவு.

நம் காலத்துக்கு முன்னாலிருந்தே இதற்குச் சான்று இருக்கிறது. ஆர்.கே. நாராயணின் ‘கைட்’ நாவல் 1958-ல் வந்தது, படம் 1965-ல். படக்குழுவை மைசூரைச் சுற்றி அழைத்துப்போய்த் தன் கற்பனை ஊரான மால்குடிக்கு மூலமான இடங்களைக் காட்டியிருக்கிறார் நாராயண். அகலத் திரைக்கும் வண்ணத்துக்கும் அது போதாது என்று அவர்கள் ராஜஸ்தான் பக்கம் போய்விட்டார்கள். ஆற்றங்கரைச் சிற்றூர், அரண்மனைகளின் பின்னணிக்கு இடம் மாறியது. நாராயண் பிறகு அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் தன் நாவலுக்கு வழி தவறிவிட்டது என்று தலைப்பிலேயே கேலி செய்திருக்கிறார். அவர் கோபம் நியாயமானது. அதே சமயம் அந்தப் படத்தை இன்றும் உருகி உருகிப் பார்க்கிறவர்கள் ஏராளம். அவர்களில் மால்குடியைக் காணோமே என்று தேடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் வந்த அவருடைய ‘தி ஷைனிங்’ நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-ல் படமாக்கினார். கிங்குக்குப் பிடிக்கவில்லை, அதை அவர் மறைத்ததும் இல்லை. 1997-ல் அவரே திரைக்கதை எழுதித் தொலைக்காட்சித் தொடராக மறுபடி எடுக்கவைத்தார். நாவலுக்கு நெருக்கமானது அந்தத் தொடர்தான். உலகம் நினைவில் வைத்திருப்பது குப்ரிக்கின் படத்தை. தன் கதையை ஒருத்தர் கெடுத்துவிட்டார் என்று ஆசிரியரே சொல்லி, சரிசெய்தும் காட்டி, அப்படியும் ‘கெட்ட’ வடிவமே ஜெயித்த உதாரணம் இதைவிடத் தெளிவாக வேண்டாம். இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான சாலிஞ்சர் இந்த வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டார். அவருடைய ஒரு சிறுகதை 1949-ல் படமானது. அதைப் பார்த்த பிறகு தன் படைப்பு எதையும் சினிமாவுக்குத் தரவே இல்லை.

தமிழில் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் இயக்குநர் மகேந்திரன். உமா சந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி இதழின் போட்டியில் பரிசு பெற்ற நாவல். மகேந்திரன் 1978-ல் அதைப் படமாக்கியபோது விஞ்ச் ஆபரேட்டரான காளியையும் அவன் தங்கைப் பாசத்தையும் எடுத்துக்கொண்டு மீதியில் பெரும்பகுதியை விட்டுவிட்டார். அடுத்த வருஷமே ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து வந்தது என்று பெயர் போட்டுத்தான் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டு உறவு தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு மாறியிருக்கிறது. பெயர் போடாமல் விட்டிருந்தாலும் பலருக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் போட்டார். நம் சினிமாவில் இது சாதாரண விஷயம் இல்லை.

புதுமைப்பித்தன் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்வதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. அவர் 1948-ல் இறந்துவிட்டார். சினிமாவுக்கு வசனம் எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றியது. சினிமா அவரிடமிருந்து வாங்கிக்கொண்டதைப் பார்க்கும்போது, முப்பது வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது தாமதம்தான். கிண்டலாக ஏதாவது சொல்லியிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

ஜெயகாந்தன் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். ‘உன்னைப்போல் ஒருவ’னை 1965-ல் தானே இயக்கினார். பிறர் கைக்குப் போனால் மாறிவிடும் என்ற பயம் இருந்தால் அதுதான் வழி. ஆனால் அவருடைய இன்னொரு கதையைப் பாருங்கள். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். 1966-ல் அது விகடனில் வந்து பெரும் சர்ச்சை. அப்படி அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவல் எழுதினார், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அந்தச் சிறுகதையும் அதை எழுதிய எழுத்தாளரும்கூட அதற்குள் வருகிறார்கள். பிறகு 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படம், திரைக்கதை ஜெயகாந்தனே. அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. தன் கதையின் முடிவைத் தலைகீழாகத் திருப்பிய முதல் ஆள் யார்? அவரேதான். இயக்குநர் செய்தால் துரோகம், ஆசிரியர் செய்தால் அடுத்த நாவல்! பேத்தி விஷயத்தில் பொருமும்போதெல்லாம் எனக்கு நானே இதைச் சொல்லிக்கொள்கிறேன். எப்போதும் பலிப்பதில்லை.

இவை எதற்குள்ளும் அடங்காத ஒருவரும் உண்டு. ஆட்டோ ஓட்டிக்கொண்டே எழுதிய கோயம்புத்தூர் மு. சந்திரகுமார். குண்டூரில் பொய்யாகப் பிடித்து அடைக்கப்பட்டு வாங்கிய அடியைத்தான் ‘லாக்கப்’ என்று எழுதினார். அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, சந்திரகுமாரும் போனார். படத்தின் பின்பாதி அவருடைய புத்தகத்தில் இல்லாதது. முன்பாதியோ அவர் உடம்பில் நடந்தது. நானெல்லாம் கண்ணாடிக் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். தன் மேல் விழுந்த அடி இன்னொருத்தர் முதுகில் விழுவதைத் திரையில் பார்க்கிறவரிடம் போய் ‘மூலத்துக்கு விசுவாசமா?’ என்று கேட்க எனக்கு வாய் வராது.

இளம் எழுத்தாளர்கள் கேட்பது ஒன்றுதான்: கேட்டால் கொடுக்கலாமா? கொடுங்கள் என்பேன். ஆனால் சண்டை போட வேண்டியதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் போட்டுவிடுங்கள். டப்பிங் நடக்கும்போது போய் முடிவை மாற்றச் சொல்வது வீண், அவமானமும்கூட. வாய்ப்பேச்சில் விடவே வேண்டாம். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று போடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பும். அந்த ‘ஒழிய’வில்தான் விஷயம் இருக்கிறது. அவர்கள் நீட்டும் பத்திரத்தில் அநேகமாக வேறு விதமாகத்தான் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். படித்தும் புரியவில்லை என்றால் ஒரு வக்கீலுக்குக் கொஞ்சம் செலவு செய்யுங்கள்.

அதே சட்டத்தில் 57-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி செய்தால் அவர் கேள்வி கேட்கலாம் என்பது அதன் சாரம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் ‘ஆப்கா பண்டி’ நாவல் படமானபோது அதைத்தான் கையில் எடுத்தார். 1986-ல் தில்லி உயர் நீதிமன்றம், ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்பதாலேயே ஆசிரியரின் இந்த உரிமை போய்விடாது என்று சொன்னது. எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு. இதை வைத்துக்கொண்டு என் பேத்தியை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவள் எனக்கு எரிச்சலைத்தான் தந்தாள், களங்கம் எதையும் கொண்டுவரவில்லை. அதற்கெல்லாம் பிரிவு கிடையாது.

என் ஒப்பந்தத்தில் நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது இரண்டு. என் பெயர் படத்தின் முதல் டைட்டில் அட்டையில், தனியாக வர வேண்டும். அப்புறம், புத்தகத்தை நான் எப்போது வேண்டுமானாலும் மறுபடி அச்சிடலாம், நாடகமாகவும் கொடுக்கலாம், அதில் அவர்களுக்குப் பங்கில்லை. முடிவை மாற்றக் கூடாது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுத்திருந்தால் படமே வந்திருக்காது.

படம் வந்த பிறகு கதையைத் தேடிப் படிக்கிறவர்கள் வருகிறார்கள். இது எதிர்பார்க்காத பலன். அவர்களுக்கு என் கதைதான் தழுவல். ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு சப்பென்று இருக்கிறது என்று. இன்னொருத்தர் நேராகவே கேட்டார்: “பேத்தியை ஏன் சார் விட்டுட்டீங்க? அவதானே உயிர்?” அவருக்கு நீண்ட பதில் ஒன்று எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்பினேன். அவர் தலைக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடிவிட்டது. என் கதையைப் படிக்கும்போது அவருக்கும் இரண்டு ஓடியிருக்கும்.

அந்தக் கதை இருக்கும் தொகுப்புக்கு இப்போது மறுபதிப்பு வருகிறது. பட ஸ்டில்லை அட்டையில் போட்டால் விற்கும் என்று பதிப்பாளர் சொன்னார், சரி என்றுவிட்டேன். தயாரிப்புத் தரப்பு அனுப்பிய ஸ்டில்கள் எல்லாவற்றிலும் பெரியவர் ஓரத்தில் நிற்கிறார், நடுவில் அந்தப் பேத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதில் கயிறாவது தெரிகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறேன்.